அர்கா சுகோமல் கொடி பீன்ஸ்: விதையிலிருந்து பொரியல் வரை ஒரு மதிப்புரை

வீட்டைச் சுற்றிச் சிறிதளவே மண் உள்ளவர்கள் கொடிக்காய் ஒன்றை மட்டும் வளர்க்க நினைத்தால், குளிர்ச்சியான ஊர்களில் வசிப்போருக்கு நான் பரிந்துரைப்பது கொடி பீன்ஸ். அதிலும், பெங்களூரை அடுத்த எசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா சுகோமல் ரகத்தையே முதலில் சொல்வேன். ஓசூரில் எங்கள் வீட்டின் பின்புறம், காலை வெயில் நன்றாக விழும் சுவரோரப் பாத்தியில் இந்த ரகத்தைப் பல பருவங்களாக வளர்த்துப் பறித்துச் சமைத்து வருகிறேன். விதை எத்தனை முளைத்தது என்பதை மட்டும் பார்த்துக் காய்கறி விதையை மதிப்பிடுவது போதாது என்பது என் எண்ணம். கொடி எப்படி ஏறுகிறது, நோயை எந்த அளவுக்குத் தாங்குகிறது, எத்தனை வாரம் காய்க்கிறது, காய் அடுப்பில் எப்படி வேகிறது, அடுத்த பருவத்துக்கு அதிலிருந்தே விதை எடுக்க முடியுமா என்பவற்றை எல்லாம் பார்த்த பிறகுதான் ஒரு விதைப் பொட்டலம் வாங்கத் தக்கதா என்று சொல்ல முடியும். ஆகவே இம்மதிப்புரை பாத்தியில் தொடங்கிச் சமையலறை வரை செல்கிறது.

அர்கா சுகோமல் இரண்டு மீட்டருக்கு மேல் வளரும் கொடி வகை. காய்கள் பச்சை நிறத்தில், குறுக்கே வெட்டிப் பார்த்தால் நீள்வட்டமாக, நாரில்லாமல், ஒரு சாணுக்குக் குறையாத நீளத்தில் இருக்கும். துரு நோயைத் தாங்கும் கொடி பீன்ஸ் ரகமாக இதை வெளியிட்ட நிறுவனம், 100 நாள் பயிரில் எக்டருக்கு 24 டன் மகசூல் என்று குறிப்பிடுகிறது. இந்தக் கணக்கை வீட்டுத் தோட்டத்துக்கு மாற்றினால் சதுர மீட்டருக்கு 2.4 கிலோ வரும். மூன்று மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பாத்தியில் ஒரு பருவத்துக்கு ஏழு கிலோவுக்கு மேல் காய் எடுக்கலாம் என்பது இதன் பொருள். ஆராய்ச்சி வயலின் பராமரிப்பு வீட்டில் வாய்க்காது என்பதால் இந்த அளவை அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும், நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு வேளைப் பொரியலுக்குக் கால் கிலோ போதும் என்று வைத்துக்கொண்டால், அதில் பாதி கிடைத்தால்கூடப் பல வாரங்களுக்குக் கடைக் காயை நாட வேண்டியதில்லை.

பீன்ஸில் செடி வகை, கொடி வகை என இரண்டு உண்டு என்பது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எது வீட்டுக்கு ஏற்றது என்பதை விதை வாங்கும்போது பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. செடி வகை முழங்கால் உயரத்தோடு நின்று, ஏறத்தாழ ஒரே சமயத்தில் பூத்து, இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்த்து ஓய்ந்துவிடும். மொத்தமாகப் பறித்துச் சந்தைக்கு அனுப்பும் விவசாயிக்கு அது வசதி. வீட்டில் சமைப்பவருக்கோ வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு கை நிறைய என்ற அளவில் காய் வேண்டும். கொடி வகையில் நுனி வளர்ந்துகொண்டே போக, கீழ்க் கணுக்களில் காய் பறித்துக்கொண்டிருக்கும்போதே மேல் கணுக்களில் பூ வைக்கும். தரையில் பிடிக்கும் இடமும் குறைவு. கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பாச்சலூர்ப் பகுதிகளில் பந்தலும் குச்சியும் நட்டுக் கொடி பீன்ஸைத் தோட்டப் பயிராகவே செய்கிறார்கள். இலங்கையின் மலைநாட்டில் போஞ்சி என்று பயிரிடப்படுவதிலும் கொடி வகைக்குப் பெரிய இடம் உண்டு. குச்சி நடும் செலவையும் உழைப்பையும் ஏற்றுக்கொண்டு அவர்கள் கொடியைத் தேர்ந்தெடுப்பது, நெடுநாள் காய்க்கும் அதன் இயல்பை அறிந்துதான்.

இந்த ரகத்தின் முதன்மையான சிறப்பு துரு நோயைத் தாங்கும் தன்மை என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பீன்ஸ் இலையின் அடிப்புறத்தில் முதலில் வெளிறிய புள்ளிகள் தோன்றும். பிறகு அவை செங்காவி நிறத் தூள் கொண்ட சிறு கொப்புளங்களாக வெடிக்கும். விரலால் தடவினால் அந்தத் தூள் ஒட்டிக்கொள்ளும். அதை உண்டாக்கும் பூஞ்சைக்கு மிதமான குளிர்ச்சியும், இலைமேல் பல மணி நேரம் நிற்கும் ஈரமும் மிகவும் பிடிக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரில், ஐப்பசி தொடங்கித் தை வரை விடியற்காலைப் பனி இலைகளில் தங்கி நிற்கும். பீன்ஸுக்கு உகந்த பருவமும் துருவுக்கு உகந்த பருவமும் ஒன்றாக அமைந்துவிடுவதால், சாதாரண ரகங்களில் காய்ப்பு உச்சத்துக்கு வரும் வேளையில் இலைகள் பழுத்து உதிரத் தொடங்குகின்றன. வீட்டுத் தோட்டத்தில் பூஞ்சைக்கொல்லி தெளிக்க யாரும் விரும்புவதில்லை. இன்றோ நாளையோ பறித்துச் சாப்பிடப் போகும் காயின்மேல் தெளிப்பதற்கு மனம் ஒப்பாது. எனவே விதையிலேயே உள்ள தாங்கும் திறனை, மகசூலைவிடவும் காயின் நீளத்தைவிடவும் முக்கியமானதாக நான் கருதுகிறேன். எங்கள் பாத்தியில் அதே சுவரோரம், பெயர் குறிக்காத உள்ளூர்க் கடை விதையில் வளர்ந்த கொடிகள் துருவால் மொட்டையாகி நின்றபோது, அர்கா சுகோமல் கொடிகள் அடியிலைகள் சிலவற்றை மட்டும் இழந்துவிட்டுப் பச்சையாகவே நின்றன.

தாங்கும் திறன் என்பது துருவுக்கு மட்டும்தான் என்பதை வாங்குபவர்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். அசுவினி இந்த ரகத்துக்கும் வரும். வறண்ட நாட்களில் சிலந்திப்பேனும் வரும். அசுவினி சாற்றை உறிஞ்சுவதோடு நிற்காமல் தேமல் நச்சுயிரியையும் கொடிக்குக் கொடி பரப்பும் என்பதால், நுனித் தளிர்களை அடிக்கடி புரட்டிப் பார்ப்பது நல்லது. தொடக்கத்திலேயே கண்டுவிட்டால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே விரட்டிவிடலாம். மிஞ்சினால் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலை நேரத்தில் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்கலாம். தேமல் விழுந்து இலை சுருங்கிய கொடிக்கு மருந்து கிடையாது. அதைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே மற்ற கொடிகளைக் காக்கும் வழி.

விதைப்பில் சிக்கல் ஏதும் இல்லை. பீன்ஸ் வேர் இடமாற்றத்தை விரும்பாது என்பதால் நாற்று விடாமல் நேராகப் பாத்தியிலோ தொட்டியிலோ ஊன்றுவதே சரி. மண்ணை முதல் நாளே நன்றாக நனைத்துவிட்டு, அடுத்த நாள் ஒரு அங்குல ஆழத்தில், ஒரு அடி இடைவெளியில், குழிக்கு இரண்டு விதையாக ஊன்றி, முளைக்கும்வரை அளவோடு மட்டும் நீர் தெளிக்க வேண்டும். இரவு முழுவதும் விதையை ஊறவைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பீன்ஸுக்கு அது வேண்டாம். விதை திடீரென்று அளவுக்கு மேல் நீரை உறிஞ்சினால் பருப்புப் பகுதி வெடித்துப் போகும். பிறகு ஈர மண்ணில் அழுகும். மண் வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் முளை வளைந்து வெளியே வந்துவிடும். மார்கழிக் குளிரில் ஊன்றினால் கூடுதல் நாட்கள் காத்திருக்க வேண்டும். மாடித் தோட்டத்தில் பைகளில் வளர்ப்பவர்கள் குறைந்தது ஒரு அடி ஆழமும் ஒரு அடி அகலமும் உள்ள பையில் மூன்று கொடிகளுக்கு மேல் விடாமல் இருந்தால், வெயில் நாட்களில் மண் விரைவாகக் காய்ந்துபோவதைத் தவிர்க்கலாம்.

பந்தலைப் பற்றி விதைப் பொட்டலத்தில் எதுவும் இராது; ஆனால் இந்தப் பயிரின் வெற்றியில் பாதி அதில்தான் இருக்கிறது. விதை ஊன்றும் அன்றே குச்சியையும் நட்டுவிட வேண்டும். கொடி வந்த பிறகு நட்டால் வேர் அறுபடும். தாங்கலில்லாத கொடிகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு தரையில் சாய்ந்தால் அவற்றைப் பிரிப்பதும் கடினம். ஏழு அடி உயரமுள்ள மூங்கில் குச்சிகளைக் கூம்பாகச் சாய்த்து உச்சியில் கட்டுவது எளிது. சுவரோரமாக மேலும் கீழும் கம்பி இழுத்து, இடையில் சணல் கயிறுகளைச் செங்குத்தாகக் கட்டிவிடுவது அதைவிட எளிது. பருவம் முடிந்ததும் கொடியையும் கயிற்றையும் சேர்த்தே எருக்குழியில் போட்டுவிடலாம். வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாயில் கொடிக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. பீன்ஸ் கொடிக்குப் பாகல்போலப் பற்றுக்கம்பிகள் கிடையாது. தண்டே தாங்கலைச் சுற்றிக்கொண்டு ஏற வேண்டும். மேலிருந்து பார்த்தால் அது எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்றும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கையால் மாற்றுத் திசையில் சுற்றிவிட்டால், கொடி மறுநாளே தன்னைத் தளர்த்திக்கொண்டு சரிந்துவிடும். அர்கா சுகோமல் வேகமாக ஏறும் கொடி. முதல் இரண்டு நாட்கள் சரியான திசையில் கயிற்றோடு சேர்த்துவிட்டால் போதும், பிறகு தானாகவே உச்சிக்குப் போய்விடும். உச்சியைத் தாண்டியதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் எழும். காயும் கைக்கு எட்டும் உயரத்தில் கிடைக்கும்.

உரத்தில் தாராளம் தேவையில்லை. பயறு வகைகள் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் நிலைநிறுத்தும் என்பது உண்மைதான் என்றாலும், பீன்ஸ் அந்த வேலையில் தட்டைப்பயறு அளவுக்குத் திறமையுள்ளது அல்ல. அதனால் அடியுரமாக நன்கு மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ அவசியம் வேண்டும். விதையோடு ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் உரத்தைக் கலந்து ஊன்றுவதும் உதவும். ஆனால் நைட்ரஜன் மிகுந்தால் கொடி கரும்பச்சையாகத் தழைக்குமே ஒழியப் பூ வைக்காது. கோழி எருவைக் குவித்துவிட்டுக் காயை எதிர்பார்ப்பதில் பயனில்லை. பூக்கத் தொடங்கியதிலிருந்து காய் பறிக்கும் காலம் முழுவதும் மண்ணின் ஈரம் மட்டும் குறையவே கூடாது. அந்தச் சமயத்தில் வாடவிட்டுப் பிறகு வெள்ளமாக நீர் விட்டால் பூ உதிர்வதோடு, நின்ற காயும் கொக்கிபோல் வளைந்து நார்ப்பற்று ஏறிவிடும். காய்ந்த இலைகளாலோ வைக்கோலாலோ வேரடியில் மூடாக்குப் போடுவது இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கிறது.

இந்த ரகம் எல்லா ஊருக்கும் ஏற்றதன்று என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பீன்ஸின் தாயகம் நடு அமெரிக்காவின் மேட்டு நிலங்களும் ஆண்டீஸ் மலைச் சாரலும். எந்த ரகமானாலும், பகல் வெப்பம் 32 பாகை செல்சியஸைத் தாண்டி நீடித்தால் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் கொட்டிவிடும். ஓசூர், ஏற்காடு, குன்னூர், கொடைக்கானல் கீழ்மலை, பெங்களூர் போன்ற இடங்களில் கோடை உச்சம் தவிர மற்றக் காலங்களில் இதை நம்பி விதைக்கலாம். ஓசூரில் ஆடிப் பட்டமும் புரட்டாசி விதைப்பும் நன்றாக வருகின்றன. மாசியில் விதைத்தால் பூக்கும் நேரத்தில் சித்திரை வெயில் வந்துவிடும். சென்னை, மதுரை, திருச்சி வாசகர்கள் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து மார்கழி, தையில் காய் பார்க்க முயலலாம். மற்றக் காலங்களில் அவர்களுக்குக் கொத்தவரையும் காராமணியும் தரும் விளைச்சலை எந்தப் பீன்ஸ் ரகமும் தராது. இதை விதையின் குறையாக நான் எண்ணவில்லை; ஆயினும் ஊர், பருவம் பாராமல் வாங்கி ஏமாறுவோர் மிகுதி என்பதால் விதை விற்பவர்கள் இதைப் பொட்டலத்தின் முகப்பிலேயே அச்சிட வேண்டும் என்பது என் விருப்பம்.

பறிப்பில் காட்டும் கவனம்தான் இந்த விதைக்குக் கொடுத்த பணத்தை மீட்டுத் தரும். விதைத்து இரண்டு மாதம் ஆகும் தறுவாயில் முதல் பறிப்பு வரும். அதன்பின் இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டும். காய் முழு நீளத்தை எட்டியிருக்க வேண்டும், ஆனால் உள்ளே விதை புடைத்து வெளியே மேடு தெரியக் கூடாது. வளைத்தால் சட்டென்று ஒடிந்து ஒடிந்த இடத்தில் ஈரம் துளிர்க்க வேண்டும். நாரில்லாத ரகம் என்பதை நம்பிக் கூடுதலாக நான்கு நாள் கொடியில் விட்டால், ஓரத்து நார் வராவிட்டாலும் காயின் மேல்தோலே பதனிட்ட தோல்போல் தடித்துவிடும். வேறொன்றும் நடக்கும்: ஒரு சில காய்கள் முற்றத் தொடங்கினாலும் கொடி தன் சத்தை அந்த விதைகளுக்கே அனுப்பிப் புதுப் பூ வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே வீட்டில் சமைக்கத் தேவையில்லாத நாளிலும் பறித்து அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிடுவது கொடிக்கும் நல்லது. ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காம்போடு கிள்ள வேண்டும். இழுத்துப் பறித்தால் பூங்கொத்தும் கூடவே வந்துவிடும். இலைமேல் பனியோ மழைநீரோ நிற்கும்போது கொடிக்குள் கைவிடாமல் வெயில் ஏறும்வரை பொறுப்பது நோய் பரவுவதைத் தடுக்கும்.

சந்தையில் வாங்கும் பீன்ஸுக்கும் பறித்த அன்றே சமைக்கும் பீன்ஸுக்கும் உள்ள வேறுபாடு, தக்காளியில் தெரிவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தவர்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கருத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பறித்த காய் நேரம் செல்லச் செல்லத் தன் சர்க்கரையை இழந்துகொண்டே வரும். ஒட்டன்சத்திரத்திலோ கோயம்பேட்டிலோ இறங்கி, அங்கிருந்து கடைக்கு வந்து, தண்ணீர் தெளிக்கப்பட்டு நாளைக் கடத்தும் காயில் அந்த இளம் இனிப்பு மிஞ்சாது. அர்கா சுகோமல் காயில் இந்த இனிப்போடு, பச்சைப் பயறின் மணத்தை ஒத்த ஒரு வாசனையும் வேகும்போது எழுகிறது. சதைப்பற்று மிகுதி; உருண்டைக் காய்களைவிட நீள்வட்டக் காயில் தோலுக்கும் விதைக்கும் நடுவே உள்ள பகுதி மென்மையாக இருப்பதால் விரைவாக வேகிறது. இரண்டு முனையையும் கிள்ளி எறிந்தால் போதும், நாரெடுக்கும் வேலை இல்லை என்பது காலையில் அவசரமாகச் சமைப்பவர்களுக்குப் பெரிய உதவி. மீந்ததைக் கழுவாமல் துணிப்பையில் சுற்றிக் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைக்கலாம்; மிகக் குளிர்ந்த மேல்தட்டில் வைத்தால் காயில் பழுப்புப் புள்ளிகள் விழும்.

பொரியலுக்கு இந்தக் காயைப் பொடியாக நறுக்குவதைவிட, குறுக்கே சாய்வாக மெல்லியதாக அரிவது பொருத்தம்; சாய்ந்த வெட்டில் உட்பகுதி அகலமாகத் திறப்பதால் தாளிப்பின் மணம் உள்ளே இறங்கும். எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, காயைப் போட்டுப் புரட்டி, கை தெளிக்கும் அளவு நீரும் உப்பும் சேர்த்து நடுத்தரத் தீயில் வேகவைத்தால், கடைக் காய்க்கு ஆகும் நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் வெந்துவிடுகிறது. இறக்கும்போது தேங்காய்த் துருவல் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வெங்காயம், பூண்டு, மசாலாப் பொடி எதுவும் இந்தக் காய்க்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குக்கரில் வைப்பதும் கூடாது. ஒரே விசிலில் குழைந்து நிறமும் போய்விடும்.

நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பச்சை மாறாமல் வேகவைக்கப் பலர் சமையல் சோடா போடுகிறார்கள். சோடா பச்சையைக் காக்கும், ஆனால் காயைக் கூழாக்கி, வைட்டமின்களையும் அழித்துவிடும். காய் வேகும்போது அதிலிருந்தே சில அமிலங்கள் ஆவியாக வெளியேறும். பாத்திரத்தை மூடிவைத்தால் அவை நீராவியோடு மீண்டும் காயிலேயே சொட்டி, பச்சையத்தில் உள்ள மக்னீசியத்தை வெளியேற்றிக் காயைப் பழுப்புப் பச்சையாக்கும். முதல் சில நிமிடங்கள் மூடாமல் வேகவைத்தாலே நிறம் பெரும்பாலும் நின்றுவிடும். புளிக்கும் இதே இயல்பு உண்டு. அத்துடன் புளிப்பு காயின் செல் சுவரை இளகவிடாமல் இறுக்கும். ஆகையால் சாம்பாரில் பீன்ஸ் நன்றாக வெந்த பிறகே புளிக்கரைசலை ஊற்ற வேண்டும். முதலிலேயே ஊற்றினால் எவ்வளவு கொதித்தாலும் காய் நறுக்கென்றே இருக்கும்.

இந்தக் காய் முழுத் தகுதியையும் காட்டுவது பருப்பு உசிலியில். கால் கிலோ பீன்ஸுக்குத் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் சம அளவில் சேர்த்து அரைக் கிண்ணம் எடுத்து, நான்கைந்து காய்ந்த மிளகாயுடன் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை முழுவதும் வடித்துவிட்டு, பெருங்காயமும் உப்பும் சேர்த்துக் கொரகொரவென்று அரைக்க வேண்டும். நைசாக அரைத்தாலோ நீர் மிகுந்தாலோ வெந்த பிறகு உதிராது. அதை இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்து, முழுவதும் ஆறவிட்டு, விரலால் உதிர்த்துக்கொள்ள வேண்டும். பீன்ஸைப் பொடியாக நறுக்கித் தனியாக வேகவைத்து, ஒட்ட வடித்துவிட வேண்டும். கடாயில் சற்றுத் தாராளமாகவே எண்ணெய் விட்டு, தாளித்து, முதலில் உதிர்த்த பருப்பைப் போட்டுப் பொன்னிறமாகும்வரை சிறு தீயில் வறுத்து, இறுதியில் காயைக் கலக்க வேண்டும். கடைக் காயில் செய்யும் உசிலியில் பருப்பின் ருசிதான் முன்னே நிற்கும். தோட்டத்துக் காயில் அதன் இனிப்பு பருப்பின் காரத்தோடு சமமாக நின்று பேசுகிறது. மோர்க்குழம்பு சாதத்துக்கு இதைத் தொட்டுக்கொள்ளும் வீடுகளில் கொடி பீன்ஸ் காய்க்கும் மாதங்களில் வேறு காயை யாரும் தேட மாட்டார்கள்.

ஓசூரில் கன்னடம் பேசும் வீடுகளில் இதைப் பல்யா செய்கிறார்கள். வெந்த காயில் தேங்காயுடன் கொத்தமல்லித் தழையைத் தூவி, எலுமிச்சை பிழிந்து இறக்கும் அந்த முறை சப்பாத்திக்கு மிகவும் பொருந்துகிறது. இலங்கைத் தமிழர் போஞ்சிக்காயை விரல் நீளத்துக்கு வெட்டி, வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயத்துடன் தேங்காய்ப் பாலில் வேகவைக்கும் பால்கறிக்கும் இந்த நீண்ட, சதைப்பற்றுள்ள காய் ஏற்றது. கெட்டிப் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அவியலுக்கும் கூட்டுக்கும் குறையில்லை. பிரியாணிக்கும் வெஜிடபிள் குருமாவுக்கும் மட்டும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நெடுநேரம் மசாலாவில் கிடக்கும்போது இதன் மென்மையே குறையாகி, காய் உருக்குலைந்துவிடுகிறது. அவற்றுக்கு உருண்டையான, சற்றுக் கெட்டியான செடி பீன்ஸே நல்லது.

கண்ணில் படாமல் இலைக்குள் மறைந்து முற்றிவிட்ட காய்களை எறிய வேண்டியதில்லை. தோலை உரித்து உள்ளிருக்கும் இளம் விதைகளை எடுத்துக் கூட்டிலோ புளிக்குழம்பிலோ சேர்க்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை: பீன்ஸ் விதையில், குறிப்பாகக் காய்ந்து முற்றிய விதையில், லெக்டின் என்னும் புரதம் இருக்கிறது, வேகாமலோ அரைவேக்காட்டிலோ உண்டால் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். காய்ந்த விதையைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் பத்து நிமிடமாவது நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு மெதுவாக வேகவைக்க வேண்டும். விதைக்க வாங்கிய விதையில் மீந்ததைச் சமைக்கவே கூடாது; விதை நேர்த்தி மருந்து பூசப்பட்டிருக்கலாம்.

விதையின் விலையைப் பற்றிய என் மதிப்பீடு, விதை எடுக்கும் வசதியோடு சேர்ந்தது. அர்கா சுகோமல் வீரிய ஒட்டு ரகம் அன்று. தலைமுறை தலைமுறையாகக் குணம் மாறாமல் வரும் ரகம். பீன்ஸ் பூ பெரும்பாலும் விரியும் முன்பே தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடுவதால், பக்கத்தில் வேறு ரகம் வளர்ந்தாலும் கலப்பு அரிது. நாலைந்து அடி தள்ளி நட்டாலே வீட்டுத் தேவைக்குப் போதும். தேமலும் துருவும் அண்டாத, நன்றாகக் காய்த்த இரண்டு கொடிகளை முதலிலேயே குறித்து வைத்து, அவற்றின் நடுக் கணுக்களில் வரும் நேரான காய்களைப் பறிக்காமல் விட்டுவிட வேண்டும். காய் மஞ்சளாகி, பிறகு காகிதம்போல் காய்ந்து, அசைத்தால் உள்ளே விதை குலுங்கும் நிலையில் பறித்து, நிழலில் உலர்த்தி, உடைத்து எடுக்கலாம். தேமல் நச்சுயிரி விதை வழியாகவும் பரவும் என்பதால் ஐயமுள்ள கொடியிலிருந்து ஒரு விதைகூட எடுக்கக் கூடாது. வண்டு வராமல் இருக்க, நன்றாக உலர்ந்த விதைகளைச் சலித்த சாம்பலுடன் கலந்து காற்றுப் புகாத புட்டியில் வைப்பது எங்கள் வழக்கம். இப்படி எடுத்த விதை மறு பருவத்திலும் அதே நீளத்தில், அதே மென்மையில் காய்க்கிறது. ஒருமுறை பொட்டலம் வாங்கியவர் மறுபடி வாங்க வேண்டிய தேவை நெடுநாளைக்கு வராது என்ற நிலையில், விலையைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை; மூங்கிலுக்கும் கயிற்றுக்கும் ஆகும் செலவே இதில் பெரியது.

விதையை நிறுவனத்தின் எசரகட்டா விற்பனை மையத்தில் நேரிலும், அதன் இணைய விற்பனைத் தளத்தின் வழியாகவும் வாங்கலாம். எல்லா ரகமும் எப்போதும் இருப்பில் இருப்பதில்லை என்பதால், ஆடி விதைப்புக்கு வேண்டுமானால் வைகாசியிலேயே பார்த்து வாங்கி வைப்பது நல்லது. வேறு கடைகளில் வெறும் கொடி பீன்ஸ் என்று மட்டும் எழுதி, ரகத்தின் பெயரோ, சோதித்த தேதியோ, முளைப்புத் திறனோ குறிக்காமல் விற்கும் பொட்டலங்களை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தவிர்க்க வேண்டும். வாங்கிய பொட்டலத்தில் பாதியை மட்டும் ஊன்றி, மீதியை மூன்று வாரம் கழித்து ஊன்றினால், முதல் கொடிகள் ஓயும் நேரத்தில் இரண்டாம் கொடிகள் காய்க்கத் தொடங்கும். ஓசூர்த் தட்பவெப்பத்தில் ஆடியில் விதைத்துப் புரட்டாசி முதல் கார்த்திகை வரை வீட்டில் பீன்ஸ் இருக்க இந்த ஒரு முறையே போதுமானதாக இருக்கிறது.